கிளாவரையில் இருந்து வட்டவடைக்கு வண்டியில் போக முடியுமா?

கேள்வி இதுதான். நண்பர்கள் ஐந்து பேர், இருசக்கர வண்டி ஐந்து. மதுரையில் கிளம்பி ஐந்து நாளில் கொடைக்கானல் மேல்மலை கிராமங்களையும், மூணாறு பக்கம் வட்டவடை, காந்தளூரையும் பார்த்துவிட்டு வர வேண்டும். வரைபடத்தில் கிளாவரையும் வட்டவடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, அப்படியே கடந்துவிடலாமா? இருவருக்கு மலையில் ஓட்டிப் பழக்கமில்லை. அதில் ஒருவர் வைத்திருப்பது ஸ்கூட்டர்.

கடப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. கிளாவரை மேல்மலையின் கடைசி ஊர், பஸ் போய்த் திரும்பும் இடம். அதற்கு அந்தப் பக்கம் தெரியும் மேட்டைத் தாண்டினால் வட்டவடைப் பள்ளத்தாக்கு. நேர்கோட்டில் சில கிலோமீட்டர்தான். கிளாவரை டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடம், "எங்க அத்தை வீடு அந்தப் பக்கந்தான் தம்பி, காலைல நடந்து போனா மத்தியானச் சாப்பாடு அங்க" என்று சொன்னார். நடப்பவர்களுக்கு அது பாதை. வண்டிக்குப் பாதையில்லை, நடுவே இருப்பது காப்புக்காடு. சாலை வழியாகப் போக வேண்டுமானால் மலையைவிட்டே இறங்கி, பெரியகுளம், தேனி, போடி என்று சமவெளியில் சுற்றி, மறுபடி போடிமெட்டு ஏறி, மூணாறு, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடை போக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேல்.

சிலர் உங்களிடம் "பழைய மூணாறு ரோடு ஒன்று இருக்கே" என்று சொல்வார்கள். இருந்தது. கொடைக்கானலில் மோயர் பாயிண்ட் பக்கம் பிரிந்து பேரிஜம் ஏரிக்குப் போகும் வனச்சாலைதான் அதன் தொடக்கம். வந்தரவு மலையை ஒட்டி டாப் ஸ்டேஷன் வரை போன சாலை அது. வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் வந்துவிட்டால் கொச்சிக்குத் தப்பிப்போக வைத்திருந்த சாலை என்று கதை உண்டு, அதனால்தான் எஸ்கேப் ரோடு என்ற பெயர். 1990-இல் மூடிவிட்டார்கள். மரம் விழுந்து, மண் சரிந்து, காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சில வரைபடங்களில் அந்தக் கோடு இன்னமும் தெரிகிறது, அதை நம்ப வேண்டாம். பேரிஜம் ஏரி வரை வனத்துறை அனுமதி வாங்கிப் போகலாம், அதுவும் அனுமதிக்கும் நாட்களில் மட்டும்.

சரி, இப்போது உங்கள் ஐந்து நாள் கணக்குக்கு வருகிறேன். இந்தச் சுற்றை நான் இதுவரை ஆறு முறை போயிருக்கிறேன். முதல் தடவை மூன்றே நாளில் 600 கிலோமீட்டர் ஓட்டினோம். அந்தப் பயணத்தில் இப்போது எனக்கு நினைவிருப்பது முன்னால் போன நண்பனின் முதுகுப்பையும், அதில் தொங்கிய ஈரத் துண்டும்தான். பூம்பாறையைச் சாலையில் இருந்து பார்த்தோம், ஊருக்குள் போகவில்லை. வட்டவடைக்கு இருட்டிய பிறகு போய் விடியும் முன் கிளம்பினோம். அதன் பிறகு திட்டம் போடும் முறையையே மாற்றிக்கொண்டேன். எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதில்லை. இன்று ராத்திரி எந்த ஊரில் தூங்குகிறோம், அந்த ஊருக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர முடியுமா, அது மட்டும்தான் கணக்கு. மலைச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. புதியவர்கள் இருந்தால் 20.

அப்படிப் பார்த்தால் ஐந்து நாள் போதாது. ஆறாவது நாளுக்கு லீவு கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் காந்தளூரை விட்டுவிடுங்கள். வட்டவடையில் காலை கிளம்பி, மறையூர், காந்தளூர் பார்த்து, உடுமலை இறங்கி, அன்றே மதுரை போவது என்றால் முந்நூறு கிலோமீட்டரைத் தொடும். கடைசி நாள், உடம்பில் ஐந்து நாள் அலுப்பு, மறுநாள் வேலைக்குப் போகும் அவசரம். நான் அறிந்தவரை விழுந்தவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட கடைசி நாள் சாயங்காலத்தில் விழுந்தவர்கள்தான், அதுவும் மலையில் இல்லை, நாலுவழிச்சாலையில்.

முதல் நாள் நேராகக் கொடைக்கானல் ஏறாதீர்கள். எல்லோரும் வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் திரும்பி ஏறுவார்கள். அந்தச் சாலை அகலம், ஆனால் பஸ், வேன், சுற்றுலாக் கார் என்று நெருக்கடி. மலைக்குப் புதியவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அதற்குப் பதில் பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வழியாகப் பெரும்பாறை ஏறித் தாண்டிக்குடிக்குப் போங்கள். இது கீழ்மலை. காபித் தோட்டம், மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழை. விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த வாழைதான். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மலைமேல் முருகன் கோயில் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. கூட்டம் மட்டும் இல்லை. வளைவுகளில் பழக நிறைய நேரம் கிடைக்கும். ஒன்றே ஒன்று, இந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. சாயங்காலம் ஐந்துக்குள் அறைக்குப் போய்விடுங்கள்.

புதியவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கியரை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடக் கூடாது. ஏறும்போது வண்டி திணறும் என்று தெரிந்தால் தயங்காமல் முதல் கியர். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, வளைவின் முடிவைப் பார்த்தால் முடிவுக்கு. தாடையை நன்றாகத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பாருங்கள். எதிரே பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள், அதற்கு மொத்தச் சாலையும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இதைச் சமவெளிக்காரர்களில் பாதிப் பேருக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது.

இறங்குவதற்குப் பழைய பஸ் டிரைவர்களின் பாடம் போதும்: ஏறின கியரிலேயே இறங்கு. எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வருபவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மிச்சமாவது பத்து ரூபாய்.

உங்கள் ஸ்கூட்டர் நண்பருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவரைக் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மேல்மலையில் காய்கறி மூட்டையோடு ஸ்கூட்டரில் போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். ஆனால் ஸ்கூட்டரில் கியர் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் விடுபட்டுவிடும், வண்டி சும்மா உருளும். அதனால் இறக்கத்தில் லேசாக ஆக்சிலரேட்டரைப் பிடித்தபடியே வந்தால் கிளட்ச் ஒட்டியிருக்கும், எஞ்சின் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விடாமல் அழுத்தியபடி வரக் கூடாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி வர வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவன் முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டரில் கொடைக்கானலில் இருந்து அடுக்கம் வழியாக இறங்கினான். பாதி வழியில் எரிந்த நாற்றம். "ஏதோ குப்பை எரிக்கிறாங்க போல" என்று பேசிக்கொண்டே வந்தோம். அடுத்த வளைவில் அவன் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினான், லீவர் கைப்பிடி வரை போய்விட்டது. தண்ணீர் ஊற்றப் போன நண்பனைத் தடுத்து நிறுத்தினேன். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம், ஆறியதும் பிரேக் திரும்பி வந்தது. கிளம்பும் முன் பிரேக் ஷூவைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். இறக்கத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை டீக்கு நிறுத்துங்கள்.

இரண்டாம் நாள் பண்ணைக்காடு, ஊத்து வழியாகப் பிரதான சாலையில் ஏறி, பெருமாள்மலை, கொடைக்கானல். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு. ஐந்து வண்டிக்கும் தனித்தனியாக முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். கொடைக்கானல் ஊரில் மூன்று வேலைதான்: டேங்கை நிரப்புவது, ஏடிஎம்மில் பணம் எடுப்பது, சாப்பிடுவது. இதற்கு மேல் பங்க்கை நம்பக் கூடாது. போன் சிக்னல் போனால் ஜிபேயும் போகும், ஐந்நூறு ரூபாய்த் தாளை மட்டும் நீட்டினால் டீக்கடைக்காரர் முகம் மாறும். சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றிப் பார்ப்பது, சாக்லேட் வாங்குவது எல்லாம் இன்னொரு தடவை குடும்பத்தோடு வரும்போது.

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சாலை ஒரு வளைவில் திரும்பியதும் எதிர்ச்சரிவில் மொத்த ஊரும் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடுகள், நீலமும் பச்சையுமாகத் தகரக் கூரைகள், கீழே படிப்படியாக வயல். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது, மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊர் நம்பிக்கை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மேல்தெருவுக்கு நடந்து போங்கள். சில வீடுகளில் பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். இதுதான் கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புகை பட்டால் பூண்டு கெடாமல் நாள்பட இருக்கும். பல் சிறியது, காரம் நிறைய. இந்தப் பூண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

அன்று ராத்திரி பூம்பாறையிலோ மன்னவனூரிலோ தங்கலாம். நான் மன்னவனூர் என்பேன், புல்வெளிக்காக. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைப் பார்க்கும்போது நாம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். குளிரைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை உறைபனி விழும், சீட் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். உல்லன் கையுறைக்கு மேல் காற்று புகாத கையுறை ஒன்று வேண்டும். விரல் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்கும் நேரம் தாமதமாகும், அது உங்களுக்கே தெரியாது.

இந்தப் பக்கம் இளைஞர் கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் மெதுவாக அருகில் வந்து காளான் வேண்டுமா என்று கேட்பார். போதைக் காளான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். போலீஸ் சோதனை உண்டு, வழக்கும் உண்டு. அதைவிட எனக்கு வருத்தம் வேறு. அந்தக் காளானுக்காக வருகிறவர்களால், பைக்கில் பை கட்டி வருகிற எல்லோரையும் ஊர்ப் பெரியவர்கள் ஒருமாதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்பு "எந்த ஊரு தம்பி, சாப்டீங்களா" என்று கேட்ட அதே தெருவில் போன தடவை யாரும் எங்களிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் பையை அறையிலேயே வைத்துவிட்டு வெறும் வண்டியோடு கவுஞ்சி, பூண்டி, கிளாவரை போய்வாருங்கள். பாரமில்லாத வண்டியில் அந்தச் சாலையை ஓட்டுவது தனி சுகம். உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட் வயல்கள், குதிரையில் மூட்டை ஏற்றி வருகிறவர்கள். எதிரே குதிரை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். சைலன்சரை மாற்றிய வண்டி உங்கள் கூட்டத்தில் இருந்தால் கிளம்பும் முன் பழையதை மாட்டச் சொல்லுங்கள். குதிரை மிரண்டு ஒருவருடைய பூண்டு மூட்டை சரிவில் உருண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த வண்டி எங்களுடையதுதான். அரை மணி நேரம் ஆறு பேரும் புதருக்குள் பூண்டு பொறுக்கினோம். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் சுருக்கென்றது.

திரும்பிக் கொடைக்கானல் வந்து இறங்க இரண்டு வழி. பெருமாள்மலையில் பிரிந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரை, பெரியகுளம் இறங்குவது குறுக்கு வழி. குறுகல், செங்குத்து, மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடப்படும். ஸ்கூட்டரும் புதியவர்களும் இருக்கும் உங்கள் கூட்டத்துக்கு நான் காட்ரோடு வழியைத்தான் சொல்வேன், கூடுதல் தூரம் பரவாயில்லை. அப்படி இறங்கிப் பெரியகுளம் போகும் வழியில் வடுகபட்டி வரும். பூண்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். பூம்பாறையில் புகையில் தொங்கிய அதே பூண்டு இங்கே மூட்டையாக வந்து இறங்கும். அன்று ராத்திரி தேனியிலோ போடியிலோ தங்கி, நன்றாகக் குளித்து, துணியைக் காயப்போடுங்கள். வண்டிகளுக்குச் செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, காற்று பார்த்து, பிரேக் பேடை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மெக்கானிக் கடைகள் உள்ள கடைசி இடம் போடி என்று நினைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் போடிமெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். இதற்குள் உங்கள் புதியவர்கள் பழகியிருப்பார்கள், அதனால்தான் இதை நான்காம் நாளுக்கு வைத்தேன். மேலே செக்போஸ்ட் தாண்டினால் கேரளா, ஏலக்காய் வாசனை. சூரியநெல்லி, சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் உலவிய இடம். அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது கம்பத்துக்குள் வந்து நின்றது, ஜூனில் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். அது போய்விட்டது என்பதற்காக வேறு யானை இல்லை என்று அர்த்தமில்லை. மூணாறில் படையப்பா என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கும் கொம்பன் சாலையிலேயே நிற்கும். தூரத்தில் பார்த்ததுமே நின்றுவிடுங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், எஞ்சினை அணைக்காமல் வண்டியை வந்த வழிக்குத் திருப்பி வைத்துக் காத்திருங்கள். போனை வெளியே எடுப்பவனை முதலில் பின்னால் அனுப்புங்கள்.

மூணாறுக்கு முன் வரும் கேப் ரோட்டை அகலமாக்கி 2024 தொடக்கத்தில் திறந்தார்கள். வழவழப்பான சாலை. அதுதான் ஆபத்தும். இத்தனை நாள் இருபதில் போன கை தானாகவே அறுபதுக்குப் போகும். அந்தப் பக்கத்து மலை மழையில் சரியும் மலை. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் போடியிலேயே தங்கிவிடுங்கள்.

மூணாறு ஊரில் நிற்காமல் மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போங்கள். 32 கிலோமீட்டர். அந்தப் பெயருக்குக் காரணம் ரயில். மூணாறில் இருந்து தேயிலைப் பெட்டிகளை இங்கே வரை ஏற்றிவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. மாடுகள் இழுத்த அதைப் பிறகு நீராவி எஞ்சின் ஓடும் இரண்டடிப் பாதையாக மாற்றினார்கள். இங்கிருந்து ரோப்வேயில் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும், அங்கிருந்து போடிக்குப் போகும். மேலே இருந்த நிலையம் டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். 1924 பெருவெள்ளத்தில், மலையாளிகள் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று சொல்லும் அதில், ரயில் மொத்தமும் போனது. நீங்கள் காலையில் வளைந்து வளைந்து ஏறிவந்த உயரத்தைத் தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி கடந்தன என்று நினைத்துக்கொண்டு கீழே குரங்கணிப் பக்கம் பாருங்கள். அங்கே இறங்கி நடக்கலாமே என்று யாராவது கிளப்பினால் தடுத்துவிடுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள். கோடையில் அந்தப் புல் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும் புல்.

டாப் ஸ்டேஷனைத் தாண்டினால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. செக்போஸ்ட்டில் வண்டி எண்ணை எழுதிவிட்டுத்தான் விடுவார்கள், இருட்டிய பிறகு விடமாட்டார்கள். உள்ளே நிறுத்தக் கூடாது. காட்டைக் கடந்து சாலை இறங்கத் தொடங்கியதும் கோவிலூர், வட்டவடை. கேரளாதான், ஆனால் காதில் விழுவதெல்லாம் தமிழ். அஞ்சுநாடு என்று சொல்லும் இந்தப் பக்கத்து மலையூர்களில் பலரும் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். நீங்கள் மதுரைக்காரர்கள் என்றால் டீக்கடையில் பேச்சு நீளும். படிப்படியாக வயல், அதே உருளை, அதே பீன்ஸ், அதே பூண்டு. ஆமாம், அதே மலைப்பூண்டுதான் என் நாக்குக்கு. இந்தப் பக்கத்தில் அதற்குக் காந்தளூர் வட்டவடை வெளுத்துள்ளி என்று தனிப் புவிசார் குறியீடு. நடந்தால் அரை நாள், குறியீடு இரண்டு, மாநிலம் இரண்டு. விற்க வேண்டும் என்றால் இரண்டு பக்கத்துப் பூண்டும் போய்ச் சேரும் இடம் வடுகபட்டிச் சந்தை. வட்டவடையில் நின்று எதிர்மேட்டைப் பாருங்கள், அதற்கு அந்தப் பக்கம்தான் நேற்றுக் காலை நீங்கள் டீ குடித்த கிளாவரை. இதைப் பார்த்து ரசிக்க அவகாசம் வேண்டும் என்பதற்காகவே மூன்று மணிக்குள் போய்ச் சேரச் சொன்னேன்.

ஆறாவது நாளுக்கும் லீவு கிடைத்தால், ஐந்தாம் நாள் மூணாறு திரும்பி மறையூர் வழியாகக் காந்தளூர். மறையூர் மழைமறைவுப் பகுதி. மூணாறில் கொட்டும்போதும் அங்கே வெயில் அடிக்கும். கம்பிவேலிக்குள் சந்தனக் காடு, பாறைகளின் மேல் முனியறைகள் என்று சொல்லும் பழைய கல்திட்டைகள், கரும்புத் தோட்ட நடுவே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். காந்தளூரில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் சின்னாறு வழியாக உடுமலை இறங்குங்கள். அந்தக் காட்டுச்சாலையில் மாலை ஆறுக்கு மேல் இருசக்கர வண்டிகளை விடமாட்டார்கள். யானைக்கு உங்கள் ஹெட்லைட்டைப் பிடிக்காது என்பதுதான் காரணம்.

போகும் காலம் பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசி வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூணாறு நனையும், அக்டோபர், நவம்பரில் கொடைக்கானல் நனையும், மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீ. குறிஞ்சிக்காகப் போகிறோம் என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும், கடைசியாக மூணாறு பக்கம் பெரிதாகப் பூத்தது 2018-இல்.

கூட்டமாக ஓட்டுவதைப் பற்றி. பழக்கமில்லாத இருவரையும் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் விடுங்கள், அவர்கள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். இருப்பவர்களில் பொறுமையான ஆள் கடைசி வண்டி, பஞ்சர் கிட்டும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம். பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இதைச் செய்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் யாரும் தொலைய மாட்டார்கள். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் ஆளுக்கொன்று மிச்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தந்த வண்டியின் கேபிள் மலையூர்க் கடையில் கிடைக்காது. பணத்துக்கு ஒரே ஆள். தினமும் காலையில் ஆளுக்கு ஒரு தொகை அவரிடம் கொடுத்துவிட்டால் பில் வந்ததும் போனைப் பார்ப்பது போன்ற நடிப்புகள் தேவைப்படாது. ராத்திரி குடிக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் மறுநாள் காலை எட்டுக்கு முன் அவர் சாவியைத் தொடக் கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் சண்டை வரும்.

கடைசியாக ஒன்று. பூண்டைப் பூம்பாறையிலோ வட்டவடையிலோ விளைவித்தவர்களிடமே வாங்குங்கள், வெல்லத்தை மறையூர்க் கொட்டகையில் சூடாக உருட்டிக் கொடுக்கும்போது வாங்குங்கள். இரண்டையும் ஒரே பையில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன். வீட்டில் அந்த வெல்லத்தில் வைத்த பாயசத்தை என்னைத் தவிர யாரும் குடிக்கவில்லை.